கைத்தொழில் நின்ற பின் ஒரு கிராமம்: பரந்தனின் நிலத்தோற்றமும் இயல்பும்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்
களக் கற்கைப் பாடம்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,

• நிலத்தோற்றம் ஒன்றின் இயற்கைக் கூறுகளையும் பண்பாட்டுக் கூறுகளையும் பிரித்தறிவீர்கள்.
• மூலப்பொருளை அடிப்படையாகக் கொண்ட கைத்தொழிலின் அமைவிடக் காரணிகளை உதாரணத்துடன் விளக்குவீர்கள்.
• ஒரு கைத்தொழில் நின்று போகும்போது கிராமத்தில் ஏற்படும் மாற்றங்களை விபரிப்பீர்கள்.
• கைவிடப்பட்ட கைத்தொழிற் காணியை மீளப் பயன்படுத்துவது பற்றிக் காரணங்காட்டிக் கருத்துரைப்பீர்கள்.

1. அறிமுகம்

ஓரிடத்தில் நின்று சுற்றிவரப் பார்க்கும்போது கண்ணுக்குப் புலப்படும் யாவும் சேர்ந்தே அவ்விடத்தின் நிலத்தோற்றம் ஆகின்றது. இதில் இரு வகைக் கூறுகள் உண்டு. தரையுயர்ச்சி, மண், வடிகால், தாவரம், காலநிலை என்பன இயற்கைக் கூறுகள். வயல், குளம், வாய்க்கால், வீதி, வீடு, கோயில், பாடசாலை, தொழிற்சாலை என்பன மனிதன் ஆக்கிய பண்பாட்டுக் கூறுகள்.

நிலத்தோற்றம் கண்ணால் காணத்தக்கது. ஆனால் ஒரு கிராமத்தின் இயல்பு என்பது அதனிலும் விரிந்தது. அங்குள்ளோர் என்ன தொழில் செய்கின்றனர், எங்கிருந்து வந்து குடியேறினர், எக்காலத்தில் கையிற் பணம் புழங்குகின்றது, எதனைத் தமது ஊரின் பெருமையாகக் கருதுகின்றனர் என்பவையெல்லாம் இயல்பில் அடங்கும். பரீட்சையில் நிலத்தோற்றத்தைக் கேட்டால் காண்பவற்றை எழுதுக. இயல்பைக் கேட்டால் அவற்றின் பின்னாலுள்ள வாழ்க்கையையும் சேர்த்து எழுதுக.

ஒரே தொழிலை நம்பி வளர்ந்து, அத்தொழில் நின்றபின் தனித்து விடப்பட்ட கிராமங்கள் உலகெங்கும் உள்ளன. பாடநூல்கள் இதற்கு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தையே வழமையாக உதாரணங் காட்டும். இலங்கையில் நிலக்கரி அகழப்படுவதில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்திற்கு வேண்டிய நிலக்கரியும் கப்பலில் வந்து சேர்கின்றது. எனினும் அதே பாடத்தைக் கற்பதற்கு வன்னிப் பெருநிலப்பரப்பிலேயே ஓரிடம் உண்டு. அதுதான் பரந்தன்.

2. மாதிரி: வேல்ஸின் நிலக்கரிக் கிராமம்

முதலில் வெளிநாட்டு மாதிரியைச் சுருக்கமாக நோக்குவோம். பிரித்தானியாவின் தென் வேல்ஸ் பகுதி ஒடுங்கிய பள்ளத்தாக்குகளைக் கொண்டது. பள்ளத்தாக்கின் அடியில் ஆறும், அதனோடு சேர்ந்து புகையிரதப் பாதையும் வீதியும் செல்லும். சரிவில் ஒன்றோடொன்று ஒட்டிய தொழிலாளர் வீடுகள் நீண்ட வரிசைகளாக நிற்கும். சுரங்க வாயிலின் மேலே பாரந்தூக்கும் சக்கரத்தைத் தாங்கிய இரும்புக் கோபுரம் நிற்கும். மலைமேல் சுரங்கக் கழிவு குன்றாகக் குவிந்திருக்கும்.

இக்கழிவுக் குன்றுகள் ஆபத்தானவை. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி அபர்வான் என்னும் கிராமத்தில் கழிவுக் குன்றொன்று நீரூறிச் சரிந்து பாடசாலையின் மீதும் வீடுகளின் மீதும் வீழ்ந்தது. 144 பேர் இறந்தனர். அவர்களுள் 116 பேர் சிறுவர்கள். கைத்தொழில் விட்டுச் செல்லும் கழிவும் நிலத்தோற்றத்தின் ஒரு கூறு என்பதையும், அதனைக் கவனியாது விட்டால் என்ன நேரும் என்பதையும் இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

பின்னர் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிளேனாவன் என்னும் இடத்திலுள்ள ‘பெரும் குழி’ எனப்படும் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு 1983இல் அரும்பொருட் சாலையாகத் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் பிளேனாவன் கைத்தொழில் நிலத்தோற்றம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வேறு பல கிராமங்களுக்கு இந்த வாய்ப்புக் கிட்டவில்லை. சுரங்கம் போயிற்று, வீடுகளும் முதியோரும் எஞ்சினர், இளைஞர் வேலை தேடி வெளியேறினர்.

இம்மாதிரியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு: (அ) கைத்தொழில் ஏன் அங்கு வந்தது? (ஆ) வந்தபின் கிராமம் எவ்வாறு மாறியது? (இ) ஏன் நின்றது? (ஈ) நின்றபின் எவை எஞ்சின? இந்நான்கையும் இனிப் பரந்தனிடம் கேட்போம்.

3. பரந்தன்: அமைவிடமும் இயற்கை நிலத்தோற்றமும்

பரந்தன் கிளிநொச்சி மாவட்டத்தில், கிளிநொச்சி நகருக்கு வடக்கே சுமார் 5 கிலோமீற்றர் தூரத்தில் ஏ-9 வீதியில் அமைந்துள்ளது. இங்கிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்கு ஏ-35 வீதியும், மேற்கே பூநகரிக்கு ஒரு வீதியும் பிரிகின்றன. வடக்கே ஏ-9 வீதி உமையாள்புரத்தைக் கடந்து ஆனையிறவுக்குச் செல்கின்றது. வடபகுதிப் புகையிரதப் பாதையும் இவ்வூரினூடாகவே செல்கின்றது. எனவே பரந்தன் ஒரு சந்தி ஊர் ஆகும். கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டம் ஆகும்வரை இப்பகுதி யாழ்ப்பாண மாவட்டத்துடன் சேர்ந்திருந்தது என்பதையும் நினைவிற் கொள்க.

தரைத்தோற்றம்: கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே கொண்ட தட்டையான சமவெளி. வேல்ஸின் பள்ளத்தாக்கு ஊர்களைப் போலன்றி இங்கு பார்வை எட்டும்வரை தரை பரந்து கிடக்கின்றது.

வடிகால்: கனகராயன் ஆறு தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்கின்றது. அதனை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளம் இப்பகுதி வயல்களுக்கு நீர் வழங்குகின்றது. ஆற்றின் எஞ்சிய நீர் வடகிழக்கே சுண்டிக்குளம் கடனீரேரியைச் சென்றடைகின்றது.

காலநிலை: உலர் வலயத்துக்குரியது. ஒக்ரோபர் முதல் சனவரி வரையான வாடைக்காற்றுக் காலத்திலேயே மழையின் பெரும்பகுதி கிடைக்கின்றது. மே முதல் செப்ரெம்பர் வரை சோளகக்காற்று பலமாக வீசும், வெயில் கடுமையாக இருக்கும், ஆவியாதல் அதிகம்.

மண்: இரணைமடுப் பக்கமாக நெல்லுக்கும் தோட்டத்துக்கும் உகந்த மண் உண்டு. வடக்கே கடனீரேரியை நெருங்க நெருங்க மண் உவர்த்தன்மை அடைகின்றது. அங்கே பயிர் இல்லை. வெளியும் உவர்ப் புற்களும் பற்றைகளுமே உள்ளன.

இங்கே ஒரு முக்கியமான எல்லையை அவதானியுங்கள். தெற்கே நன்னீர், வடக்கே உவர்நீர். தெற்கே நெல் விளையும், வடக்கே உப்பு விளையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஊரே பரந்தன். இதன் கைத்தொழில் வரலாறு இந்த எல்லையிலிருந்து தொடங்குகின்றது.

4. உப்பிலிருந்து இரசாயனப் பொருட்கள்

(அ) உப்பு விளையும் முறை

ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. இந்நீரை ஆழங்குறைந்த பாத்திகளில் கட்டி வெயிலிலும் காற்றிலும் வற்ற விடுவர். முதலில் சுண்ணச் சேர்வைகள் படியும். பின்னர் ஜிப்சம் படியும். நீரின் கனவளவு ஏறத்தாழப் பத்திலொரு பங்காகக் குறைந்த பின்னரே கறியுப்பாகிய சோடியங் குளோரைட்டு பளிங்காகத் தொடங்கும். அதனாலேயே உப்பளத்தில் நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றப்படுகின்றது. தட்டையான தரை, நீர் கீழே வடியாத களித்தன்மையுள்ள அடித்தளம், நீண்ட வறட்சி, பலத்த காற்று ஆகிய நான்கும் இதற்கு வேண்டும். ஆனையிறவு இவை நான்கும் ஒருங்கே அமைந்த இடமாகும்.

(ஆ) தொழிற்சாலையில் நிகழ்வது

உப்பு நீர்க்கரைசலினூடாக மின்னைச் செலுத்தினால் அது மின்பகுப்புக்கு உள்ளாகும். இதனைச் சொற் சமன்பாடாகப் பின்வருமாறு எழுதலாம்:

உப்பு + நீர் + மின்சக்தி → எரிசோடா + குளோரீன் வாயு + ஐதரசன் வாயு

அளவில் நோக்கின், 100 தொன் தூய உப்பும் 31 தொன் நீரும் தாக்கமுற்று அண்ணளவாக 68 தொன் எரிசோடாவையும் 61 தொன் குளோரீனையும் 2 தொன் ஐதரசனையும் தரும். ஒரு தொன் குளோரீனைப் பெற ஏறத்தாழ 2500 முதல் 3500 வரையான அலகு மின் செலவாகும். ஆகவே இது மின்னைப் பெருமளவில் உட்கொள்ளும் கைத்தொழில் ஆகும்.

எரிசோடா சவர்க்காரம், கடதாசி, புடைவை ஆகிய கைத்தொழில்களுக்குத் தேவை. குளோரீன் குடிநீரைத் தொற்றுநீக்கவும் பொருட்களை வெளிற்றவும் பயன்படுகின்றது. குளோரீனும் ஐதரசனும் சேர்ந்து ஐதரோக்குளோரிக்கமிலத்தைத் தருகின்றன.

1950களில் அரசு பரந்தனில் இந்த முறையிலான இரசாயனத் தொழிற்சாலையை நிறுவியது. பரந்தன் இரசாயனக் கூட்டுத்தாபனம் அதனை நடத்தியது. சுதந்திரத்தின் பின் இறக்குமதியைக் குறைத்து உள்நாட்டு மூலவளங்களைக் கொண்டு அடிப்படைக் கைத்தொழில்களை வளர்ப்பது அரசின் கொள்கையாக இருந்தது. காங்கேசன்துறையில் சுண்ணக்கல்லைக் கொண்டு சீமெந்தும், வாழைச்சேனையில் வைக்கோலைக் கொண்டு கடதாசியும், ஒட்டுசுட்டானில் களிமண்ணைக் கொண்டு ஓடும் செய்யப்பட்டன. பரந்தன் தொழிற்சாலையும் அந்த வரிசையில் வந்ததே.

5. ஏன் பரந்தன்? – அமைவிடக் காரணிகள்

1. மூலப்பொருள்: ஆனையிறவு உப்பளம் வடக்கே அண்மையில் இருந்தது. உப்பு விலை குறைந்த, ஆனால் பாரமான பொருள். அதனை நெடுந்தூரம் ஏற்றிச் செல்வது இலாபமற்றது.
2. நன்னீர்: கரைசல் தயாரிக்கவும் இயந்திரங்களைக் குளிர்விக்கவும் நன்னீர் வேண்டும். ஆனையிறவைச் சூழவுள்ள நீர் உவரானது. நன்னீர்ப் பக்கமும் உப்புப் பக்கமும் சந்திக்கும் இடத்திலேயே பரந்தன் உள்ளது.
3. நிலம்: தட்டையான, விலை குறைந்த, குடியிருப்பு ஐதான காணி.
4. போக்குவரத்து: ஏ-9 வீதி, புகையிரதப் பாதை, முச்சந்திகளைக் கொண்ட அமைவு.
5. அரச கொள்கை: தலைநகருக்கு வெளியே கைத்தொழில்களைப் பரவலாக்கும் நோக்கம்.

திறமைச் சித்தி பெற விரும்பும் மாணவர்கள் இன்னொரு விடயத்தையும் சிந்திக்க வேண்டும். வெபரின் கோட்பாட்டின்படி, உற்பத்தியின்போது எடை இழக்கும் மூலப்பொருளைப் பயன்படுத்தும் கைத்தொழில் மூலப்பொருள் உள்ள இடத்தை நாடும். கரும்பு இதற்கு நல்ல உதாரணம். ஆனால் மேலே தரப்பட்ட கணக்கைப் பாருங்கள். 100 தொன் உப்பு 131 தொன் உற்பத்திப் பொருளைத் தருகின்றது. நீர் சேர்வதே காரணம். அப்படியாயின் எடை மாத்திரம் பரந்தனைத் தெரிவு செய்யப் போதுமான காரணம் அன்று. மேலும் எரிசோடாவையும் குளோரீனையும் வாங்கும் ஆலைகளிற் பல தெற்கிலேயே இருந்தன. ஆகவே மூலப்பொருளுடன் அரச கொள்கையும் சேர்ந்தே இத்தொழிற்சாலையை இங்கு கொண்டுவந்தது என எழுதுவதே பொருத்தமான விடையாகும். ஒற்றைக் காரணம் காட்டும் விடைக்கு முழுப்புள்ளி கிடையாது.

6. தொழிற்சாலை இருந்த காலத்தில் கிராமத்தின் இயல்பு

இரணைமடு நீர்ப்பாசனத்தை நம்பி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறிய விவசாயக் குடும்பங்கள் கிளிநொச்சிப் பகுதியிற் பல. வட்டக்கச்சி போன்ற குடியேற்றத் திட்டங்கள் இவ்வாறு உருவானவை. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களை அடுத்து மலையகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த குடும்பங்களும் வன்னியில் வேரூன்றின. ஆகவே இப்பகுதி பழமையான ஊர்களுடன் வந்தேறு குடியிருப்புகளும் கலந்த பிரதேசம்.

இச்சூழலில் தொழிற்சாலை வந்தபோது இப்பகுதியில் மூன்று வகையான தொழிற்காலங்கள் ஒன்றாக இயங்கின.

• வயலின் காலம்: வாடை மழையோடு பெரும்போகம். குளத்து நீர் உள்ள அளவிற்குச் சிறுபோகம். அறுவடையின் பின்பே கையிற் பணம்.
• உப்பளத்தின் காலம்: மழை ஓய்ந்து வெயிலும் சோளகமும் வரும்போது வேலை. காலந்தவறிப் பெய்யும் மழை விளைந்த உப்பைக் கரைத்துவிடும்.
• தொழிற்சாலையின் காலம்: மின்பகுப்பு இரவு பகலாக ஓட வேண்டிய தொழில். முறைமாற்று வேலை, மாத முடிவிற் சம்பளம், மழையோ வெயிலோ வேறுபாடில்லை.

முதலிரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதைக் கவனியுங்கள். வயலுக்கு நன்மையான மழை உப்புக்குத் தீமை. உப்புக்கு நன்மையான வறட்சி வயலுக்குத் தீமை. மூன்றாவது மாத்திரமே ஆண்டு முழுவதும் மாறாத வருமானம் தருவது. ஒரு ஊரில் மாதச் சம்பளக்காரர் இருந்தால் சந்தியிலுள்ள கடைக்காரருக்கும் தேநீர்க் கடைக்கும் சைக்கிள் திருத்துபவருக்கும் ஆண்டு முழுவதும் வியாபாரம் உண்டு. இதனைப் புவியியலிற் பெருக்கி விளைவு என்பர்.

இணைப்புகளையும் குறித்துக் கொள்க. உப்பளத்தோடு இருந்தது பின்னோக்கிய இணைப்பு. சவர்க்கார, கடதாசி ஆலைகளோடும் குடிநீர் வழங்கலோடும் இருந்தது முன்னோக்கிய இணைப்பு.

7. வீழ்ச்சி: என்ன நடந்தது?

நிலக்கரிக் கிராமம் வீழ்வதற்கு வழமையான காரணங்கள் வளம் தீர்தல், செலவு கூடுதல், மலிவான மாற்றுப்பொருள் வருதல் என்பன. பரந்தனில் இவை எவையும் முதற் காரணம் அல்ல. கடல் வற்றவில்லை, வெயில் குறையவில்லை, குளோரீனுக்கான தேவையும் குறையவில்லை. இங்கு தொழிலை நிறுத்தியது போர்ச்சூழல் ஆகும்.

காலவரிசை பின்வருமாறு:

1985 – தொழிற்சாலையின் உற்பத்தி நின்றது.
1990 – வடபகுதிக்கான புகையிரத சேவை நின்றது. ஆனையிறவில் உப்பு உற்பத்தியும் நின்றது. அவ்வாண்டிலேயே காங்கேசன்துறைச் சீமெந்து உற்பத்தியும் நின்றது.
1991, 2000 – ஆனையிறவில் பெரும் சமர்கள். உப்பளமும் அதன் சுற்றுப்புறமும் போர்முனை ஆயின.
2008 – 2009 – கிளிநொச்சி மாவட்டத்து மக்கள் முழுமையாக இடம்பெயர்ந்தனர். 2009 சனவரியில் பரந்தன், கிளிநொச்சி, ஆனையிறவு ஆகியன அடுத்தடுத்து இராணுவத்தின் வசமாயின.
2009 இறுதியிலிருந்து – கண்ணிவெடி அகற்றலும் மீள்குடியேற்றமும்.
2013 – 2014 – புகையிரதம் கிளிநொச்சிக்கும், பின்னர் பளைக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் ஓடியது.

இதில் தொழிற்சாலை நின்ற ஆண்டுக்கும் மக்கள் மீளத் திரும்பிய ஆண்டுக்கும் இடையே ஏறத்தாழ கால் நூற்றாண்டு உள்ளது. அதாவது, தொழிற்சாலையில் வேலை பழகிய தலைமுறை ஓய்வு பெறும் வயதை அடைந்துவிட்டது. கட்டடம் இடிந்தால் திரும்பக் கட்டலாம். கைப்பழக்கமும் தொழிலறிவும் ஒரு தலைமுறை விட்டுப்போனால் மீட்பது கடினம். கைத்தொழில் இழப்பைப் பற்றி எழுதும்போது மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் குறிப்பு இதுவே.

8. எவை எஞ்சின?

தொழிற்சாலைக் காணியில் எஞ்சியவை இடிந்த சுவர்களும் துருப்பிடித்த இரும்பும் பற்றைகளுமே. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஏ-9 வீதியாற் சென்றோர் பலர் அது என்ன இடம் என்று அறியாமலே கடந்து சென்றனர்.

ஆனால் பெயர் எஞ்சியது. கூட்டுத்தாபனம் 1991இல் பரந்தன் கெமிக்கல்ஸ் என்னும் அரச கம்பனியாக மாற்றப்பட்டது. சொந்தமாக உற்பத்தி செய்ய வழியின்றி, அது திரவக் குளோரீனை இறக்குமதி செய்து குடிநீர்ச் சுத்திகரிப்புக்கு விநியோகித்து வந்துள்ளது. ஒரு காலத்தில் இவ்வூரின் உப்பிலிருந்து பிறந்த பொருள், பின்னர் இவ்வூரின் பெயரைத் தாங்கி வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. கைத்தொழில் ஒன்றை இழப்பதால் ஒரு நாட்டுக்கு ஏற்படும் அந்நியச் செலாவணி இழப்பை விளக்க இதைவிட எளிய உதாரணம் வேண்டியதில்லை.

வயலும் எஞ்சியது. மீள்குடியேறிய மக்கள் முதலில் திரும்பியது இரணைமடு நீருக்கும் நெல்லுக்குமே. வேல்ஸின் சுரங்கக் கிராமத்துக்கும் பரந்தனுக்கும் உள்ள மிகப்பெரிய வேறுபாடு இதுதான். சுரங்கக் கிராமத்திற்குச் சுரங்கத்தைத் தவிர வேறு பிழைப்பு அரிது. பரந்தனுக்கு விவசாயம், சந்தி வியாபாரம், கடனீரேரி மீன்பிடி ஆகியவை இருந்தன. பல தொழில்களைக் கொண்ட ஊர் ஒன்றை இழந்தாலும் ஊராகவே நிற்கும்.

உப்பும் திரும்பியது. போரின் பின் ஆனையிறவு உப்பளம் மாந்தை உப்பு நிறுவனத்தின் கீழ் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2025 மார்ச்சில் அங்கு மேசையுப்பு உற்பத்திச்சாலை ஒன்றும் திறந்து வைக்கப்பட்டது.

9. ஒப்பீடு: மூன்று இடங்கள்

பிளேனாவன் (வேல்ஸ்)
மூலவளம்: நிலக்கரி, இரும்புத்தாது. நின்ற காரணம்: பொருளாதாரம். இன்று: அரும்பொருட் சாலை, சுற்றுலா.

கோலார் தங்கவயல் (கர்நாடகம், இந்தியா)
மூலவளம்: தங்கம். 1880 முதல் பிரித்தானியக் கம்பனி அகழ்ந்தது. தொழிலாளரிற் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்றது. நின்ற காரணம்: தாதின் தரம் குறைந்து செலவு கூடியமை, 2001 பெப்ரவரியில் மூடப்பட்டது. பின்னர்: சயனைட்டுக் கழிவு மேடுகள், நாள்தோறும் புகையிரதத்தில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் மக்கள்.

பரந்தன் (இலங்கை)
மூலவளம்: உப்பு. நின்ற காரணம்: போர். பின்னர்: வெறுங்காணி, ஆனால் விவசாயமும் சந்தி வியாபாரமும் தொடர்கின்றன. மூலவளம் தீரவில்லை.

கடைசி வரியை மறக்க வேண்டாம். நிலக்கரியும் தங்கமும் எடுக்க எடுக்கக் குறையும், புதுப்பிக்க முடியாத வளங்கள். கடல்நீரிலிருந்து பெறும் உப்பு ஆண்டுதோறும் விளையும். ஆகவே பரந்தனின் கைத்தொழில் மீண்டும் எழ வாய்ப்புடையது.

10. மீண்டும் தொடங்கலாமா?

2025இல் அரசு வடக்கிற் கைத்தொழில் வலயங்களை அமைப்பதற்குக் காங்கேசன்துறை, மாங்குளம் ஆகியவற்றோடு பரந்தனையும் பெயரிட்டது. ஊரவர்க்கு இது வெறும் பரீட்சை வினா அன்று. பாடசாலை விட்டு வெளியேறும் பிள்ளைகள் ஊரிலேயே வேலை செய்வதா, கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவதா என்பது இதிலே தங்கியுள்ளது. இரு பக்கத்தையும் நிறுத்துப் பாருங்கள்.

சாதகமானவை: உள்ளூர் மூலப்பொருள், மாதச் சம்பள வேலை, இறக்குமதிச் செலவு குறைதல், வீதியும் புகையிரதமும் திரும்பியுள்ளமை, உப்பளத்தோடு இணைப்பு.

பாதகமானவை: மின்செலவு மிக அதிகம். குளோரீன் நச்சுவாயு, வளியைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தியானதால் கசிந்தால் தாழ்ந்த இடங்களிலே தேங்கும். ஆகவே வீடுகளும் பாடசாலைகளும் விலகியிருக்க வேண்டும். கழிவுநீர் கடனீரேரிக்குச் சென்றால் மீன்பிடிக்கும் பறவைகளுக்கும் கேடு. சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 முதல் தேசிய பூங்காவாகவும் உள்ளது.

இன்னொன்றும் உண்டு. உலகின் பழைய எரிசோடாத் தொழிற்சாலைகள் பல, மின்பகுப்புக்கு இரசத்தைப் பயன்படுத்தின. இரசம் மண்ணில் நெடுங்காலம் தங்கும் நச்சு. 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை இம்முறையை 2025ஆம் ஆண்டுடன் கைவிட வேண்டும் எனக் கூறியது. இரசம் தேவையற்ற மென்சவ்வு முறையே இன்றைய முறை. பழைய தொழிற்சாலைக் காணி எதுவாயினும் அதனை மீளப் பயன்படுத்துமுன் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்க வேண்டும். அபர்வான் தந்த பாடமும் இதுவே.

ஞாபகத்திற் கொள்க

• நிலத்தோற்றம் காண்பது, இயல்பு வாழ்வது.
• பரந்தன்: நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடைப்பட்ட சந்தி ஊர்.
• உப்பு → எரிசோடா, குளோரீன், ஐதரசன்.
• உற்பத்தி நின்றது 1985. காரணம் போர், வளம் தீர்ந்தமை அன்று.
• பல தொழில் உள்ள ஊர் ஒரு தொழில் போனாலும் நிலைக்கும்.

செயற்பாடு

உங்கள் பிரதேசத்தில் இயங்காது போன ஆலை, களஞ்சியம், சந்தை அல்லது புகையிரதக் கட்டடம் ஒன்றைத் தெரிவு செய்க. பாடத்தின் 2ஆம் பகுதியிலுள்ள நான்கு வினாக்களையும் அங்கு முன்பு வேலை செய்த முதியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுக. பரும்படிப் படமொன்றும் வரைக.

எச்சரிக்கை: பழைய கட்டடங்களின் உள்ளே செல்ல வேண்டாம். வீதியில் நின்றே அவதானிக்கவும். இனந்தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல் ஆசிரியருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்கவும்.

பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – சரியான விடையைத் தெரிவு செய்க.

1. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி
(1) ஏ-9 (2) ஏ-35 (3) ஏ-30 (4) ஏ-14

2. உப்பு உற்பத்திக்கு மிகவும் உகந்த காலம்
(1) ஒக்ரோபர் – திசெம்பர் (2) நவம்பர் – சனவரி (3) மே – செப்ரெம்பர் (4) திசெம்பர் – சனவரி

3. உப்புக் கரைசலின் மின்பகுப்பில் பெறப்படாதது
(1) எரிசோடா (2) குளோரீன் (3) ஐதரசன் (4) ஜிப்சம்

4. புதுப்பிக்கத்தக்க மூலவளத்தைப் பயன்படுத்திய கைத்தொழில் இருந்த இடம்
(1) கோலார் (2) பிளேனாவன் (3) பரந்தன் (4) காங்கேசன்துறை

விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (4), 4 – (3)

பகுதி 2 – அமைப்புக் கட்டுரை

(i) பரந்தனின் இயற்கை நிலத்தோற்றக் கூறுகள் மூன்றைக் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)
(ii) இரசாயனத் தொழிற்சாலை அங்கு அமைவதற்குக் காரணமான இரண்டினை விளக்குக. (4 புள்ளிகள்)
(iii) பரந்தனின் வீழ்ச்சியையும் கோலாரின் வீழ்ச்சியையும் ஒப்பிடுக. (4 புள்ளிகள்)
(iv) ‘பரந்தனில் இரசாயனக் கைத்தொழிலை மீள ஆரம்பிக்க வேண்டும்.’ உமது கருத்தைக் காரணங்காட்டி எழுதுக. (4 புள்ளிகள்)

விடையளிக்கும் முறை

‘குறிப்பிடுக’ என்றால் பெயர் போதும். ‘விளக்குக’ என்றால் காரணமும் விளைவும் வேண்டும். உதாரணமாக (ii) இற்கு ‘உப்பளம் இருந்தது’ என்று மட்டும் எழுதினால் ஒரு புள்ளியே கிடைக்கும். ‘ஆனையிறவு உப்பளம் அண்மையில் இருந்தமையால் பாரமான, விலை குறைந்த உப்பைக் குறைந்த செலவிற் கொண்டுவர முடிந்தது’ என எழுதினால் இரு புள்ளிகளும் கிடைக்கும்.

‘ஒப்பிடுக’ என்றால் ஒற்றுமையும் வேற்றுமையும் வேண்டும். இரண்டும் மூலவளத்தை நம்பிய கைத்தொழில்கள் என்பது ஒற்றுமை. கோலாரில் வளத்தின் தரம் குறைந்தது, பரந்தனில் போர் தொழிலை நிறுத்தியது என்பது வேற்றுமை.

(iv) இற்கு ஆம் என்றும் எழுதலாம், இல்லை என்றும் எழுதலாம், புள்ளி காரணத்திற்கே. இரு பக்கத்தையும் எடுத்துக்காட்டி, என்ன நிபந்தனையுடன் ஏற்பீர் அல்லது மறுப்பீர் என்று முடியுங்கள். சோதிக்கப்பட்ட மண், இரசமற்ற முறை, குடியிருப்பிலிருந்து விலகிய இடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, உள்ளூர் இளைஞருக்குப் பயிற்சி ஆகியவை அத்தகைய நிபந்தனைகள். நாளை இக்காணி பற்றிய கூட்டம் உங்கள் ஊரில் நடக்கும்போது எழுந்து கேட்க வேண்டிய வினாக்களும் இவையே.